பொகாச்ச வந்த டப்பா

சாயங்காலம் திரும்பி வந்த சாப்பாட்டு டப்பா இன்றைக்கும் கனத்தது.

திறந்தாள். உள்ளே பொகாச்ச. உள்ளங்கை அளவுக்கு உப்பு ரொட்டி, மேலே கட்டம் கட்டமாகக் கத்திக் கீறல்.

"ஆபீஸ் கேன்டீன்ல குடுத்தாங்க," என்றான் கணவன், சாக்ஸைக் கழற்றியபடி.

கேன்டீன்காரர்களுக்கு என்ன தலையெழுத்து, அவன் தின்ற டப்பாவைக் கழுவித் துடைத்துப் பலகாரம் வைத்துக் கொடுக்க?

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராதது மதுரையில் அவர்கள் வீட்டு வழக்கம். புடாபெஸ்டில் அதை யாருக்கோ யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மொழி வகுப்பில் மார்த்தா டீச்சரிடம் பொகாச்ச என்ற சொல்லைப் பற்றிக் கேட்டாள். டீச்சருக்கு ஒரே குஷி. லத்தீனில் அடுப்பைக் குறிக்கும் சொல்லாம். இத்தாலிக்குப் போய், ஸ்லாவியர் வாயில் புகுந்து, ஹங்கேரிக்கு வந்ததாம். 'என்னுடைய' என்று சொல்ல அதன் வாலில் ஒரு 'ம்' ஒட்டினால் போதுமாம்.

அடுப்பு என்றதுமே அவளுக்கு உறைத்தது.

கேன்டீன் இல்லை. ஒரு வீடு.

சாயங்காலம் அவன் காதுபடச் சொல்லிப் பார்த்தாள்.

"பொகாச்சம்."

"பொகாச்சாம். நீட்டணும்," என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

இந்த ஊர் பாஷையில் தனக்கு ஒரு வார்த்தை வராது என்று பெண் பார்க்க வந்தபோது சிரித்தவன்.



மறுநாள் காலையில் கத்தரிக்காயை வதக்கிச் சாதத்தில் பிரட்டினாள். அதை வாயில் வைத்தால் அவனுக்கு உதடு தடித்துவிடும். மாமியார் முதன்முதலில் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான்.

மூடியை இறுக்கிக் கையில் கொடுத்தாள்.

அவன் கத்திக்கொண்டே வீடு வர வேண்டும். பைத்தியமா உனக்கு என்று டப்பாவை வீசி எறிய வேண்டும். பகல் முழுக்க மீனாட்சியிடம் அதைத்தான் வேண்டிக்கொண்டாள்.

சாயங்காலம் டப்பா கனத்தது.

"சாப்பாடு எப்படிங்க இருந்துச்சு?"

"சூப்பர். ஒரு பருக்கை விடல."

அவன் உதட்டைப் பார்த்தாள். காலையில் இருந்தபடியே இருந்தது.

பொகாச்ச ஒன்றை எடுத்துக் கடித்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. நல்ல கைப்பக்குவம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு ரெண்டு பேருக்குச் சேத்தே கட்டிரட்டுமாங்க?"

பாதி கழன்ற சாக்ஸோடு அவன் கை நின்றது.