இறக்கத்தில் தேய்ந்த பற்கள்

மோட்டார் சைக்கிளின் ஸ்ப்ராக்கெட்டை, செயின் ஓடும் பல்சக்கரத்தை, கழற்றிக் கையில் எடுத்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒரே கோடையில் மூன்றாவது செயின். பல்லெல்லாம் கொக்கியாக வளைந்து கிடந்தது.

நூரிலா அக்கா கடை வாசலில் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரி. வண்டி பழுதானால் மட்டும் அட்பாஷி சந்தைக்கு என்னைத் தேடி வருவாள். கைப்பையைக் கீழே வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை. மதியத்துக்குள் மேய்ச்சல் மலைக்கு ஏறியாக வேண்டுமாம். அதற்குமேல் பனி உருகி ஆறு பெருகிவிடும், வண்டி கடக்காது.

செயினை இறுக்கியது அவள் புருஷன். எங்கள் ஆண்களுக்கு இது பிறவி வியாதி. குதிரைக்கு வயிற்றுவாரை இறுக்கிப் பழகிய கை, செயினையும் அப்படியே இறுக்கும். தொளதொளவென்று கிடந்தால் மானம் போய்விடும் எங்களுக்கு. பின்னால் ஆள் ஏறினால் அது இன்னும் இறுகும். அப்புறம் எங்கே உழைக்கும்?

அது புரிந்தது. புரியாதது வேறொன்று.

முறுக்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் வண்டியில் பல்லின் ஒரு பக்கம்தான் தேயும். இவள் வண்டியில் மறுபக்கமும் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தது. முதல் கியரிலேயே, பிரேக்கைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த, மலை முழுக்க ஊர்ந்து இறங்கினால்தான் அப்படித் தேயும்.

சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏங்க்கா, மலையிலேர்ந்து முட்டையா இறக்குறீங்க?"

சிரித்தாள்.

புதுச் செயினை மாட்டினேன். ஏறுகிற எடைக்குத் தகுந்த மாதிரிதான் தொய்வு விட வேண்டும். எத்தனை பேர் உட்காருவீர்கள் என்று கேட்டேன்.

"போறப்ப நான் ஒருத்தி, தம்பி. வர்றப்ப மூணு பேரு. ரெண்டு பேருதான் கண்ணுக்குத் தெரிவோம்."

சொல்லிவிட்டுப் பையைத் திறந்து பார்த்துக்கொண்டாள். வெள்ளைத் துணியில் சுற்றிய கத்தரிக்கோல், நூல், கையுறை. எண்ணெய்த் தரையில் அதை ஏன் வைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மருத்துவச்சி. பாதை குலுக்கினாலும் வண்டி குலுக்கக் கூடாது என்று, நிறைமாதக்காரிகளை இத்தனை நாளும் இப்படித்தான் இறக்கியிருக்கிறாள். என் வாயைத் தைக்க வேண்டும்.

அவளை வண்டியில் உட்காரச் சொன்னேன். பின்னால் நானே ஏறினேன். எடை போதாது என்று கருவிப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

சந்தையே சிரித்தது. சிரிக்கட்டும்.

குனிந்து ஒரு கையால் செயினை அழுத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது.

இன்னொரு கை பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தது.