பழைய ஃபிரிட்ஜ்

பின்னறையில் கிடந்த பழைய ஃபிரிட்ஜின் கதவு உள்ளேயிருந்து திறந்தது. வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் முக்கி முனகி வெளியே வந்தார். ஸ்பேனரும் கையுமாக நின்றிருந்த மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பயப்படாதே. நான்தான் நீ. வயசான நீ" என்றார் பெரியவர். "கால இயந்திரம் பண்றேன்னு இந்த ஃபிரிட்ஜைக் கட்டிக்கிட்டு அழாதே. இப்பவே விட்டுடு."

"ஏண்ணே?"

"கடை போச்சு. முடி போச்சு. அண்ணன் வீட்டுக்குப் போன பெண்டாட்டி திரும்பவே இல்ல. பெத்த மகளே என்னைப் பார்த்தா தெருவோட அந்தப் பக்கம் போயிடறா."

மெக்கானிக் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். அதே மூக்கு, புருவத்தில் அதே தழும்பு. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வரும்போது கம்ப்ரசர் சூடாச்சாண்ணே?"

"இல்ல, ஜில்லுன்னுதான்... டேய், நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீ என்ன கேக்கறே? நான் சொன்னது மண்டையில ஏறிச்சா?"

"நல்லா ஏறிடுச்சுண்ணே."

பெரியவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அப்போது வாசலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, பழைய இரும்புக்காரர் வண்டியோட வந்து நிக்கறாரு. இது சத்தியமா ஓடாது, இனிமே தொடவே மாட்டேன்னு காலையில என் தலையில அடிச்சுச் சொன்னீங்கல்ல? அந்தச் சனியனைத் தள்ளிக்கிட்டு வாங்க!"

மெக்கானிக் ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அவரைப் போகச் சொல்லுடி! இது ஓடுது!"