தினமும் 288 தடவை

"சார், நேத்தும் இருநூத்தி எண்பத்தெட்டு தடவ" என்று ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தான் ரகு.

நரசிம்மன் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "யாரு, எதிர் கம்பெனியா?"

"அவங்கதான் சார். அவங்க ஆபீஸ் நெட்டுல இருந்துதான் நம்ம வெப்சைட்டுக்கு வந்துகினே கீறாங்க."

எதிர் கம்பெனி என்றால் பிச்சையாவுடையது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நரசிம்மன், அந்தப் பக்கம் பிச்சையா. ஃபேக்டரிகளில் சரக்கு அடுக்கும் மரப் பேலட் செய்வதுதான் இருவருக்கும் தொழில். இருவரும் சகலைகள் வேறு. அக்காவைப் பிச்சையாவும் தங்கை லீலாவை நரசிம்மனும் கட்டியிருந்தார்கள். ஆரம்பத்தில் கூட்டாகத்தான் கம்பெனி நடந்தது. போர்டில் யார் பெயர் முதலில் வருவது என்று கிளம்பிய பேச்சு முற்றிப்போய், மூன்று வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

அந்த போர்டுச் சண்டை இப்போது கூகுளுக்குக் குடிபோயிருந்தது. 'ஒரகடம் பேலட்' என்று தேடினால் யார் முதலில் வருகிறார்கள், வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று தினமும் காலையில் நரசிம்மனுக்குத் தெரிந்தாக வேண்டும். முன்பெல்லாம் ரகு ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்து முடிப்பதற்குள் மத்தியானமாகிவிடும். இப்போது ஸ்கிரிப்ட் என்று ஏதோ எழுதி வைத்திருக்கிறான். அவன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் எண்ணி ரிப்போர்ட்டை நீட்டிவிடுகிறது. அப்படியானால் ரகு எதற்கு என்ற கேள்வி நரசிம்மனுக்கு வராமல் இல்லை. ஆனால் இந்த இருநூற்று எண்பத்தெட்டு வந்ததிலிருந்து அவருக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

"ஞாயித்துக்கெழம லீவாச்சே, அன்னிக்குமா?"

"அன்னிக்கும் அதே நம்பர்தான் சார்."

"ராத்திரியில?"

"ராத்திரிலயும்தான். அது இன்னா சார்னா..."

"தூக்கங்கெட்டுப் பாக்குறாருபா!" நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்தப் பக்கத்தப் பாக்குறாரு?"

"மொதோ பக்கம் சார்."

முதல் பக்கத்தில் நரசிம்மன் கைகூப்பி நிற்கும் போட்டோ இருந்தது.

"என் மூஞ்சியத்தான் பாக்குறாரு."

"அதுக்குக் கீழதான் சார் நம்ம ரேட்டும்..."

"நீ சும்மா இரு. ரேட்டு பாக்க ஒரு தடவ வந்தா பத்தாது? எரநூத்தி எண்பத்தெட்டு தடவையா வருவாங்க? இது பாசம்பா. உனக்குப் புரியாது."

ரகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

நரசிம்மனுக்கு இருப்பே கொள்ளவில்லை. மகள் நிலாவுக்கு வல்லக்கோட்டையில் கல்யாணம். இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. ஊரெல்லாம் பத்திரிகை வைத்தாகிவிட்டது, எதிர்ப்பக்கத்தைத் தவிர. "எங்கக்காவும் மாமாவும் வரலன்னா நானும் மணவறைக்கு வரமாட்டேன், ஆமா" என்று லீலா ஒரே பிடியாக நின்றாள். "அவர் மொதல்ல எறங்கி வரட்டும்" என்று இவரும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் நரசிம்மன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "லீலா, தட்டு எடுத்து வை. ஞாயித்துக்கெழம போய்ப் பத்திரிகை வெச்சிட்டு வந்துடறேன்."

லீலாவால் நம்ப முடியவில்லை. "இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

"அவரு எப்பவோ எறங்கி வந்துட்டாரு. எனக்குத்தான் லேட்டா தெரிஞ்சது."

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு நரசிம்மன் ரோட்டைக் கடந்தார். பிச்சையா விடுமுறையிலும் ஆபீசுக்கு வருகிற ஆள். வெளியே போ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, மகள் கல்யாணத்தில் லீலாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. இவரைக் கண்டதும் பிச்சையா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து தட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். இரண்டு வாழைப்பழம் நசுங்கிப்போனது.

"நானே வரணும்னு இருந்தேன் சகல" என்று மூக்கை உறிஞ்சினார் பிச்சையா. "மூணு வருசம் வீணாப் போச்சு. நீ என் மேல இவ்ளோ பாசம் வெச்சிருக்கன்னு தெரியாம போச்சே! ஒரு நாளைக்கு எரநூத்தி எண்பத்தெட்டு தடவ என் வெப்சைட்ட வந்து பாக்குறியாமே!"

நரசிம்மன் திகைத்துப்போனார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனத்தை இவர் சொல்கிறாரே! பிச்சையாவின் வெப்சைட்டை அவர் ஒரே ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"எல்லாம் ரிப்போர்ட்டுல வருதே! ஞாயித்துக்கெழமல மட்டும் ஒரு தம்பி வந்து நமக்கு இந்த வேலைய செஞ்சு குடுப்பாரு. தம்பி, அந்தப் பேப்பர எடுத்துக்கினு இப்படி வாப்பா! இரு சகல, லீலாவோட அக்காவுக்கு போன் போட்டு விசயத்த சொல்லிட்டு வரேன்" என்று பிச்சையா வாசலுக்கு ஓடினார்.

உள் அறைக் கதவு மெல்லத் திறந்தது. பேப்பரும் கையுமாக வந்து நின்றவன் ரகு.

"மன்னிச்சிருங்க சார்" என்று நரசிம்மனின் காதருகே வந்து கிசுகிசுத்தான். "எதிர்ல கீறவங்க ரேட்டு மேல ஒரு கண்ணு வெச்சிருன்னு நீங்களும் சொன்னீங்க, அவரும் சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல சார். நான் எழுதின ரெண்டு ஸ்கிரிப்ட்டுதான் ராவும் பகலும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஒண்ண ஒண்ணு பாத்துக்கினு கீது."