கோவில்பட்டி கிளிக்குகள்

கோவில்பட்டி என்ற பெயரைப் பார்த்ததும் அவள் காபியைக் கீழே வைத்தாள்.

நேற்றும் இதே ஊர். முந்தாநாளும் இதே ஊர்.

காலை ஒன்பதுகூட ஆகவில்லை. அன்றைக்கு விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதி கரைந்திருந்தது. அத்தனை கிளிக்கும் கோவில்பட்டியிலிருந்து. ஒருவராவது ஒரு கிரைண்டர் வாங்கினாரா என்றால், இல்லை.

பிறந்த ஊரே இப்படிக் காலை வாருமா?

அவள் தொழிலைச் சொல்வது எளிது. செய்யப்போனால்தான் நாக்குத் தள்ளும். யாரோ ஒருவர் போனில் 'நல்ல கிரைண்டர் எது' என்று தேடுவார். தேடியதும் உச்சியில் அவள் விளம்பரம் வந்து நிற்கும். அதைத் தொட்டால் அவள் எழுதிய பக்கம் திறக்கும். தொட்டதற்கு அவள் கைக்காசு போகும். படித்தவர் அங்கிருந்தே கிரைண்டர் வாங்கினால் கம்பெனி அவளுக்குக் கமிஷன் தரும். போனதற்கும் வந்ததற்கும் நடுவே மிஞ்சுவதுதான் சம்பளம்.

'இலவச கிரைண்டர்' என்று தேடுபவர் கண்ணில் விளம்பரம் படக்கூடாது. 'கிரைண்டர் ரிப்பேர்' என்று தேடுபவர் கண்ணிலும் படக்கூடாது. வாங்குகிற ஆளை மட்டும் சலித்து எடுக்கத் தெரியவேண்டும்.

அவளுக்குத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, விட்டுவந்த பேங்க் வேலையைவிடக் கூடுதலாகவே மிஞ்சுகிறது.

இதை அப்பாவிடம் மட்டும் சொல்ல வழியில்லை.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பெல்ட் தேய்ந்த கிரைண்டரைத் தட்டிக்கொட்டியே பத்து வருஷமாக ஓட்டுகிறவர். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிவந்த மகளிடம், "மிச்சம் ரெண்டு எங்க?" என்று கேட்டவர். பேங்க் வேலையை விட்டுவிட்டேன் என்று அவள் சொன்ன அன்று மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எட்டு மாதமாக, அவள் அழைத்தால் அம்மாதான் பேசுகிறாள்.

போட்டிக்காரன் எவனோ அவள் பணத்தைக் கரைக்கவே கோவில்பட்டியில் ஆள் வைத்து விளம்பரத்தைத் தட்டுகிறான். அவள் முடிவே கட்டிவிட்டாள்.

'இந்த ஊரை விலக்கு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் கோவில்பட்டியில் யார் தேடினாலும் அவள் விளம்பரம் தெரியாது. விரலைக் கொண்டுபோனாள். சொந்த ஊராயிற்றே என்று மனசு கேட்கவில்லை. அங்கே என்னதான் நடக்கிறது என்று அம்மாவை அழைத்துக் கேட்டாள்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்கப்பாதான், கோமு. எந்திரிச்சதும் போனுல அந்தக் கிரைண்டரத்தான் தேடுதாரு. டீக்கடை, சலூன், ரேஷன் கடைன்னு ஒரு ஆள விடல. 'எம்மக போட்டது, மொதல்ல நிக்குது பாத்தியா'ன்னு காட்டி, அவுகளையும் தேடித் தொடச் சொல்லுதாரு. தொடத் தொட ஒனக்குக் காசு சேருமாமே? நாஞ் சொன்னேன்னு சொல்லிராத."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. பழி போட வெங்காயம்கூடப் பக்கத்தில் இல்லை.

எட்டு மாதமாக அவளோடு பேசாதவர், ஊரெல்லாம் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

எடுத்தால் மட்டும் ஆயிற்றா? இப்படியே விட்டால் உச்சிப்பொழுதுக்குள் அன்றைய பணம் தீர்ந்துவிடும். நிஜமாகவே கிரைண்டர் தேடுபவருக்கு விளம்பரம் வராது. அப்பாவின் பெருமை இந்த மாதச் சம்பளத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும்.

அம்மா வழியாகச் சொல்லலாம். அவர் முகம் சுண்டிப்போகும். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பமாட்டார்.

அவள் கோவில்பட்டிக்கு மட்டும் தனியாக ஒரு விளம்பரம் எழுத உட்கார்ந்தாள்.

தலைப்புக்கு முப்பது எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. முன்பின் தெரியாத ஆளை அந்த முப்பது எழுத்தில் நிறுத்திப் பழகியவள் அவள். பெற்ற அப்பாவுக்கு எழுதத்தான் அரைநாள் பிடித்தது.

'அப்பா, பார்த்தா போதும்.'

கீழே, சின்ன எழுத்தில்: 'தொட்டா எனக்குச் செலவு. வாங்கினாத்தான் வரவு.'

கோவில்பட்டியில் கிரைண்டர் தேடும் எல்லோர் கண்ணிலும் இது படும்.

படட்டும்.

மறுநாள் காலை கோவில்பட்டிக் கணக்கைத் திறந்தாள். விளம்பரம் நாற்பது தடவைக்கு மேல் தெரிந்திருந்தது. கிளிக் ஒன்றுகூட இல்லை.

டீக்கடை பார்த்திருக்கிறது. சலூன் பார்த்திருக்கிறது. ரேஷன் கடை பார்த்திருக்கிறது. ஒருவரும் தொடவில்லை. டைம் கீப்பர் பக்கத்திலேயே நின்றிருப்பார்.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நிம்மதியாகத்தான் இருந்தது. நெஞ்சில் ஓர் ஓரம் காலியாகவும் இருந்தது.

அதற்கும் மறுநாள், ஒரே ஒரு கிளிக் விழுந்திருந்தது.

கை தானாகக் கமிஷன் பக்கத்தைத் திறந்தது. வாங்கியவர் பெயரை அங்கே காட்டமாட்டார்கள். எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தார் என்பது மட்டும் இருக்கும்.

கோவில்பட்டி விளம்பரம். இரண்டு லிட்டர் கிரைண்டர், ஒன்று.

தொட்டவர்களில் வாங்கியவர் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தது. நூற்றுக்கு இரண்டோ மூன்றோ வந்தாலே அவள் சந்தோஷப்படுவாள்.

நூற்றுக்கு நூறு.

அவள் ஊருக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்து, சாப்பிட்டியா என்று தொடங்குவதற்குள் சொன்னாள்.

"அப்பாட்ட குடும்மா."