பேனா வட்டம்

காசநோய்ச் சோதனைக்காக ஊசி போட்ட இடத்தைச் சுற்றி நர்ஸ் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். தடித்தால் நோய் நிச்சயம் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதால், சவரிமுத்து மூன்று நாளும் அந்தக் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். வட்டத்துக்குள் ஒரு பொட்டுகூட எழும்பவில்லை.

"பாத்தீங்களா டாக்டரம்மா, சுத்தமா ஒண்ணுமில்ல!" என்று சிரித்தபடி கையை நீட்டினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் பஞ்சடைத்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. "சளியில கிருமி இருக்குய்யா. உடம்பு எதிர்த்து நின்னாத்தான் ஊசி போட்ட எடம் தடிக்கும்; எதிர்த்து நிக்கத்தான் உங்க உடம்புல ஆளில்ல. விரல்ல கறை தெரியுதே, கஞ்சா எத்தன வருசமா இழுக்குறீங்க?"

"இருபத்திரண்டு." சொன்னது அவர் காதுக்கே கேட்கவில்லை.

வட்டத்தின் நடுவே நகத்தை அழுத்திக் கிள்ளினார். "தடிச்சிரு, தடிச்சிரு" என்று தோலிடம் கெஞ்சத் தொடங்கினார்.