கலவை மெஷினுக்குக் கட்டியது யார்?

"மெஷின் காணாமப் போனதுக்கு நான் என்னய்யா பண்ணட்டும்? விடிய விடிய அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா படுக்க முடியும்?"

வாடகைக் கடைக்குள் நுழையும்போதே மேஸ்திரி சத்தம் போட்டார். அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்வது அவர் வழக்கம்.

வாடகைக்கு எடுத்த கலவை மெஷின் காலையில் கட்டடத்து வாசலில் இல்லை. அறுந்த சங்கிலி மட்டும் கிடந்தது. கடைக்காரர் விலையைக் கேட்டால் பணத்துக்கு எங்கே போவது?

கடைக்காரர் பதறவே இல்லை.

"போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்தாச்சு."

"அந்தக் காகிதத்தையும் சங்கிலி போட்டோவையும் கொண்டாங்க. மத்ததை இன்சூரன்ஸ்காரங்க பார்த்துப்பாங்க. உங்களுக்குச் செலவில்ல."

மேஸ்திரி விழித்தார். "எந்த இன்சூரன்ஸ்? நான்தான் வேணாம்னுட்டேனே."

வெறுமனே வேண்டாம் என்றா சொன்னார்? வாடகைக்கு எடுத்த அன்று பெரிய சண்டையே நடந்தது. "திருட்டுப் போயிடும், உடைச்சிடுவேன்னு நானே முன்கூட்டி ஒத்துக்கிட்டு அதுக்குப் பணமும் கட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, படிவத்தில் அந்த இடத்தைக் குறுக்கே அடித்துவிட்டு வந்தவர் அவர்.

"நீங்க வேணாம்னீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் வேற ஆள் வந்து கட்டிட்டாங்க."

"யாரு?"

"பேரைச் சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்களாம். சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

மேஸ்திரி தெருவுக்கு வந்து நின்றார். பணம் தப்பியதில் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. யார் எப்போது என்ன கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால், இருபது வருஷக் கணக்கை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். இப்படி ஒருவன் நல்லது செய்துவிட்டுப் போனால் அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கட்டடத்துச் சொந்தக்காரருக்குப் போன் போட்டார்.

"நான் எதுக்குய்யா கட்டறேன்? உன் மெஷின், உன் பாடு."

ரொம்ப யோசித்துவிட்டு, மனைவியின் தம்பிக்குப் போட்டார். இரவல் வாங்கிய ஏணி ஒன்றால் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

"நீயா கட்டினே?"

"எதை மாமா?"

"என் மெஷினுக்கு இன்சூரன்ஸ்."

"மாமா, பக்கத்துல அக்கா இருந்தா போனைக் கொடுங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லைனு நினைக்கிறேன்."

கட்டடத்துக்குத் திரும்பினார். நான்கு சித்தாள் பெண்களும் மண்வெட்டியால் கலவை கலக்கிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் வேலை நின்றது.

"மெஷின் விலையை இன்சூரன்ஸ்ல கொடுத்துடுவாங்களாம்" என்றார்.

"அப்பாடா" என்று நால்வரில் இளையவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் அவளை முறைத்தாள்.

மேஸ்திரிக்கு மெல்லப் பிடிபட்டது.

"நீங்களா?"

மூத்தவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல. நீங்களா கட்டினது?"

"நாலு பேரும் சேர்ந்து போட்டோம்" என்றாள் மூத்தவள். "மெஷினை வண்டியில ஏத்தக் கடைக்கு வந்த அன்னிக்கு."

தினமும் இவர்களிடம் எரிந்து விழுகிறவர் மேஸ்திரி. இவர்கள் போய், தங்கள் கைக்காசைப் போட்டு...

"என் மேல இவ்வளவு அக்கறை இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சேம்மா" என்றார். குரல் உடைந்தது.

மூத்தவள் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

"போன வருஷம் தளம் போடறப்ப வாடகை வைப்ரேட்டர் மெஷின் எரிஞ்சதுக்கு, மூணு மாசம் எங்க கூலியிலதானே பிடிச்சீங்க மேஸ்திரி? அதான், இந்தத் தடவை நாங்க முந்திக்கிட்டோம்."