புறங்கை நாடி

வரும் நர்சுகளெல்லாம் மணிக்கட்டின் உள்பக்கம் நாடியைத் தேடித் திணறும்போது, செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரும். "அவருக்கு அங்க ஓடாது சிஸ்டர்" என்று கணவரின் கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே புறங்கையில் துடிக்கும் இடத்தைப் பெருமையாகக் காட்டுவாள். பிறவியிலேயே ரத்தக்குழாய் தடம் மாறியவர். நர்ஸ் ஸ்டெல்லாவுக்கும் அப்படித்தான் காட்டியிருந்தாள்.

இன்று டாக்டர் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். செண்பகவல்லி விடவில்லை. தன் கட்டைவிரலை அதே புறங்கையில் அழுத்தினாள். முகம் மலர்ந்தது.

"துடிக்குது சிஸ்டர்!"

கட்டைவிரலால் பார்த்தால் பார்ப்பவரின் நாடிதான் தட்டுப்படும் என்று பயிற்சியின்போதே ஸ்டெல்லாவுக்குச் சொல்லியிருந்தார்கள். கொண்டுவந்த வெள்ளைத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காந்துக்கங்கக்கா. விரலை எடுத்துடாதீங்க."